உடல் கிடைக்காதவருக்குக் கல்லறைத் திருநாளில் எங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது?

கரைவீட்டுக்காரி (2024 அக்டோபர் 19)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசிப்பேனே தவிர எழுதியதில்லை. நவம்பர் 2 நெருங்குகிறது, அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். எங்கள் பக்கத்துப் போட்டுகள் காலையில் போய் மாலையில் திரும்புகிறவை அல்ல. ஐஸும் அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் தங்கல்தான். சூரையும் சுறாவும் தேடி லட்சத்தீவுக்கு அப்பாலும் போவார்கள். நவம்பர் 29 ராத்திரி காற்று மாறியது. மறுநாள் பார்த்தால் கரையில் தென்னையும் உள்ளே ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. எச்சரிக்கை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. கரையில் சொன்னது அவ்வளவு தூரம் எட்டவில்லை.

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். வலையை விட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போன மீன்காரர். வேறு நாளே கிடைக்கவில்லையா என்று எத்தனையோ ராத்திரி கேட்டிருக்கிறேன்.

அந்தப் போட்டில் போன பத்துப் பேரில் மூன்று பேர் வெறும் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறு போட்டுக்காரர்கள் தூக்கிவிட்டு, வீடு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு தம்பி என்னிடம், "அண்ணன் ரெண்டாம் நாள் ராத்திரி வரைக்கும் எங்க கூடத்தான் கிடந்தாவ" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

டிசம்பர் 7-ஆம் தேதி எங்கள் ஊர்கள் எல்லாம் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது நானும் உட்கார்ந்தேன். பிறகு கேரளத்து ஆஸ்பத்திரிச் சவக்கிடங்குகளில் அடையாளம் தெரியாத உடல்கள் இருக்கின்றன, ஒத்துப் பார்க்க ரத்தம் வேண்டும் என்றார்கள். மகனுக்கு அப்போது ஆறு வயது. ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை இரண்டு நாள் எடுக்க விடவில்லை. குளிக்கும்போதும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். "எனக்க ரத்தம் சேந்தா அப்பா வந்துருவாவளா?" என்று கேட்டான். சேரவில்லை.

காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆக வேண்டும். ஒக்கியில் போனவர்களுக்கு அதைத் தளர்த்தி, சான்றிதழும் 20 லட்சமும் கொடுத்தார்கள். அதனால் காகிதத்தில் அவர் இறந்துவிட்டார். மாமிக்கு, அவரைப் பெற்றவருக்கு, இன்னும் இறக்கவில்லை. படத்துக்கு மாலை போட விடமாட்டார். "குஜராத்துல கரையேறிருப்பான், பாகிஸ்தான்காரன் புடிச்சிருப்பான்" என்று வருஷத்துக்கு ஒரு கதை வைத்திருப்பார்.

கோவில் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் நான் பூசைக்குப் போகவில்லை. "ஆண்டவர் தனக்குப் பிடித்தவரைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்" என்று துஷ்டி கேட்க வந்த ஒருவர் சொன்னார். அப்படியானால் ஆறு வயசுப் பையனை அவருக்குப் பிடிக்காதா? கேட்கவில்லை, டீ போட உள்ளே எழுந்து போய்விட்டேன். மீன் சாப்பிடுவதையும் அதோடு விட்டேன். ஏன் என்று விளக்க வேண்டாமென்று நினைக்கிறேன். கடற்கரையில் மீன் தின்னாதவள் என்றால் பைத்தியம் என்றுதான் பார்ப்பார்கள், பார்த்தார்கள்.

திரும்பப் போனது ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசுகாலத்தில். சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலையாக நினைத்து ஜெபிப்பது. பன்னிரண்டு நிலை வரைக்கும் எல்லாரோடும் முட்டி போட்டேன். பதின்மூன்றாம் நிலையில், இயேசுவின் உடலை இறக்கித் தாயின் மடியில் வளர்த்துகிறார்கள் என்று உபதேசியார் வாசித்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. "உமக்கு மடியில போடவாவது கிடைச்சுதே தாயே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது, "அது பாவம் இல்லை, ஜெபம்தான். இன்னும் கொஞ்சம் அப்படியே பேசு" என்றார் ஃபாதர். அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். நம்பிக்கை திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். சண்டை போடவாவது ஆள் இருக்கிறார் என்று தோன்றுகிறது.

என் கேள்வி சின்னது. நவம்பர் 2 அன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். கல்லறையைக் கழுவி, பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். எனக்கு நிற்க ஓர் இடம் இல்லை. ஆறு வருஷமாக அன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. "நாம எங்க போவோம்?" என்று இந்த வருஷம் அவனே கேட்டுவிட்டான். உடல் இல்லாமல் கல்லறை கட்டலாமா? கட்டினால் அது பொய்யாகாதா? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

கொளச்சல்காரன் (அக்டோபர் 19)

மக்களே, நான் உன் அப்பா வயசுக்காரன். அதனால் ஒருமையில் எழுதுகிறேன், தப்பாக எடுக்காதே.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் ஸ்டாரில் பல்பு எரிந்துகொண்டிருந்தது, அணைக்க மறந்திருந்தோம். முந்தின நாள் இறைச்சிக் குழம்பை என் வீட்டுக்காரி சுட வைத்துக்கொண்டிருந்தாள். என் இளையவள், ஒன்பது வயது, புதுக் கவுனை மாற்றமாட்டேன் என்று அதோடேயே வெளியே ஓடினாள். மற்றதை நீயே தெரிந்துகொள்வாய். மணக்குடிப் பாலத்தையே தூக்கிக்கொண்டு போன தண்ணி, ஒன்பது வயசுப் பிள்ளையை விடுமா?

எனக்கு அவள் கிடைத்தாள். ஆனால் கேள். அன்றைக்குப் பெட்டி ஏது, தனிக்குழி ஏது? குழி தோண்டி எல்லாரையும் ஒன்றாகத்தான் வைத்தோம். என் மகள் அதில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நவம்பர் 2 வந்தபோது நானும் வீட்டுக்காரியும் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். அவள் கிழக்கு ஓரம் என்கிறாள், நான் நடுவில் என்கிறேன். பக்கத்திலே இன்னும் நாலு குடும்பம் இதே சண்டை. கடைசியில் ஒரு கிழவி, அவளுக்கு மூன்று பேர் போயிருந்தார்கள், "எங்க வச்சாலும் எனக்க பிள்ளைகளுக்கும் வெளிச்சம்தானே, வையுங்கடே" என்று ஒரு அதட்டுப் போட்டாள். வைத்தோம்.

இப்போது உன் கேள்விக்கு. கல்லறைத் தோட்டத்து நடுவில் பெரிய சிலுவை நிற்குமே, உங்கள் ஊரிலும் இருக்கும். வெளியூரில் அடக்கம் ஆனவர்களுக்கும் கடலில் போனவர்களுக்கும் மெழுகுவர்த்தி வைக்கிற இடம் அதுதான். நான் சின்னப் பையனாக இருந்தபோதே எங்கள் பாட்டா சிலோன் கடலில் போன தன் அண்ணனுக்கு அங்கேதான் வைப்பார். நீ புதிதாக ஒன்றும் கட்டவேண்டாம்.

மீன் பற்றி நீ எழுதியதை வாசித்துக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் மீன் வாங்க ஆள் இல்லை. வாங்கினாலும் எங்களுக்கே இறங்கவில்லை. நான் இரண்டு வருஷம் வாயில் வைக்கவில்லை, பிடிக்க மட்டும் போனேன். ஈஸ்டரை ஒட்டிய ஒரு பாஸ்கா காலத்தில் ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார்: உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குக் கரையில் கரி போட்டு மீன் சுட்டு வைத்திருந்தார், ராத்திரி முழுக்க வலை இழுத்தும் ஒன்றும் கிடைக்காதிருந்தவர்களை "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டார் என்று. அதே கடலில் பிடித்த மீன்தான். அன்று வீட்டுக்குப் போய்ச் சாளை பொரிக்கச் சொன்னேன். அவள் பொரித்தாள், நான் தின்றேன், இரண்டு பேரும் அழுதோம். உனக்கும் அப்படி ஆகவேண்டும் என்று சொல்லவரவில்லை. உனக்கு எப்போது இறங்குகிறதோ அப்போது.

வாலிபன்77 (அக்டோபர் 20)

சகோதரிக்கு இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். மரித்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றவோ ஜெபிக்கவோ வேதத்தில் இடமில்லை. எல்லாம் தேவசித்தம். துக்கத்தின் ஆவியைக் கடிந்துகொண்டு துதிக்க ஆரம்பியுங்கள். ஏழு வருஷம் துக்கத்தில் இருப்பது விசுவாசக் குறைவு. அன்போடு சொல்கிறேன்.

ரப்பர்தோட்டத்து டீச்சர் (அக்டோபர் 20)

தம்பி, அன்போடு என்றுதான் நானும் எடுத்துக்கொள்கிறேன். நானும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)தான், எங்கள் சபையிலும் மரித்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் பாருங்கள், அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுப்போனது. ஏழு வருஷம் அழக்கூடாது என்று வேதத்தில் நான் எங்கும் படிக்கவில்லை. புலம்பல் என்று ஒரு ஆகமத்தையே வைத்துக்கொண்டு நாம் அப்படிச் சொல்லக்கூடாது.

கரைவீட்டுக்காரி அம்மா, நான் மார்த்தாண்டம் பக்கம். ஓய்வுபெற்ற டீச்சர். என் கணவர் 2021 மே மாதம் கொரோனாவில் போனார். ஆஸ்பத்திரி வாசலில் விட்டதுதான். திரும்பத் தந்தது ஜிப் போட்டு ஒட்டிய ஒரு பை. முகம் பார்க்க விடவில்லை. முழு உடுப்புப் போட்ட நாலு பையன்கள் இறக்கினார்கள், நானும் மகளும் இருபது அடி தள்ளி நின்றோம். அதற்குள் இருந்தது அவர்தானா என்கிற சந்தேகம் எனக்கு ஒரு வருஷம் போகவில்லை. உங்களுக்கு நடந்ததோடு ஒப்பிடவில்லை. முகம் பார்க்காத துக்கம் கொஞ்சம் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

சிலுவைப்பாதையில் நீங்கள் மாதாவிடம் சொன்னதை நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதின்மூன்றாம் நிலையில் எழுந்து போனீர்கள், சரி. அதற்கு மூன்றாம் நாள் காலையில் என்ன நடந்தது என்று யோவான் 20-ஐ எடுத்து வாசியுங்கள். மகதலேனா மரியாள் இருட்டோடு கல்லறைக்குப் போகிறாள். உடல் இல்லை. சீடர்கள் இரண்டு பேர் ஓடிவந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள். இவள் மட்டும் அங்கேயே நின்று அழுகிறாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டால், என் ஆண்டவரை எடுத்துப் போய்விட்டார்கள், எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை என்கிறாள். தோட்டக்காரன் என்று நினைத்தவரிடம், நீர் எடுத்திருந்தால் இடத்தைச் சொல்லும், நானே போய்த் தூக்கிக்கொள்கிறேன் என்கிறாள். ஒற்றைப் பெண்பிள்ளை ஒரு ஆண் உடலை எப்படித் தூக்குவாள் என்று அவள் யோசிக்கவே இல்லை.

முதல் ஈஸ்டர் அப்படித்தான் ஆரம்பித்தது, உடல் கிடைக்காத ஒருத்தியின் அழுகையில். எங்கள் சபையில் ஈஸ்டர் அன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில்தான் ஆராதனை. நாற்பது வருஷமாகப் போகிறேன். அவர் போன பிறகுதான் அந்த வசனம் எனக்குக் காதில் விழுந்தது.

இன்னொன்று, கோபிக்கமாட்டீர்கள் என்றால். உறக்கம் வருகிறதா? எனக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை விறைத்துப்போகும், மூச்சு முட்டும். ஜெபித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயரே "டாக்டரைப் போய்ப் பாருங்கம்மா, கர்த்தர் ஒன்றும் கோபிக்கமாட்டார்" என்று மனநல டாக்டரிடம் அனுப்பினார். ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டேன், இப்போது இல்லை. 14416 என்று அரசின் இலவச மனநல எண் ஒன்று இருக்கிறது, டெலிமானஸ். தமிழிலேயே பேசுவார்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் மகனுக்குத் தேவைப்படலாம், பதின்மூன்று வயது கஷ்டமான வயது.

மன்னார் மருமகள் (அக்டோபர் 21)

அக்கா, நான் இலங்கை, மன்னார். என்ரை தம்பியைச் சண்டை முடிஞ்ச 2009 மே மாதம் வட்டுவாகலில் எங்கடை கண்ணுக்கு முன்னாலைதான் கூட்டிக்கொண்டு போனவை. இன்னும் வரேல்லை. எங்களைப்போல எத்தினையோ குடும்பம். 2017-இலை இருந்து அம்மாமார் றோட்டோரத்திலை படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம், சில பேர் அப்பிடியே செத்தும் போச்சினம்.

நீங்கள் மெழுகுதிரி எங்கை கொளுத்திறது எண்டு கேக்கிறியள். எங்கடை வீட்டிலை கொளுத்தேலாது. கொளுத்தினால் அவன் செத்துப்போனான் எண்டு நாங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி எண்டு அம்மா சொல்லுவா. ஆனா ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருசமும் போவா. அங்கை கொளுத்துவா. அது செத்தவைக்கு இல்லை, தேடுறவைக்கு எண்டு தனக்கெண்டு ஒரு கணக்கு வைச்சிருக்கிறா. பூசைக் கருத்தும் (ஆருக்காகப் பூசை எண்டு எழுதிக் குடுக்கிறது) "இறந்தவர்களுக்காக" எண்டு குடுக்கமாட்டா, "பயணத்தில் இருப்பவர்களுக்காக" எண்டுதான் எழுதிக் குடுப்பா. சுவாமியும் அப்பிடியே வாசிப்பார்.

ஆனபடியால் உங்கடை மாமியை வற்புறுத்தாதேங்கோ அக்கா. நீங்கள் போங்கோ, மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவ தன்ரை பாட்டிலை இருக்கட்டும்.

கரைவீட்டுக்காரி (அக்டோபர் 22)

எல்லாருக்கும் பதில் எழுத இரண்டு நாளாக முயற்சி செய்கிறேன். கொளச்சல் பாட்டா (அப்படிக் கூப்பிடலாம்தானே), அந்த நடுச்சிலுவை எங்கள் ஊரிலும் இருக்கிறது. எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது எதற்கு நிற்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

டீச்சரம்மா, யோவான் 20 ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கோவிலில் கேட்கிற வாசகம். உயிர்த்தெழுந்தார் என்கிற இடத்துக்குப் போகிற அவசரத்தில் அவள் தேடினதை யாரும் நின்று சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. "நானே தூக்கிக்கொள்கிறேன்" என்பதை நேற்று ஏழெட்டுத் தடவை வாசித்தேன். சவக்கிடங்கு வாசலில் நானும் அதைத்தான் சொன்னேன். எந்த நிலையில் இருந்தாலும் கொடுங்கள், நான் எடுத்துப் போகிறேன் என்று.

உறக்கம் பற்றிக் கேட்டீர்கள். காற்று பலமாக அடித்தால் எனக்கு இல்லை. மகனுக்கும் இல்லை என்று நேற்றுத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தனித்தனி அறையில் இரண்டு பேரும் விழித்துக் கிடந்திருக்கிறோம். அந்த எண்ணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவேன்.

மன்னார்த் தங்கச்சி, உன் அம்மாவின் பூசைக் கருத்தை மாமியிடம் சொன்னேன். "பயணத்தில் இருப்பவர்களுக்காகவா? அது நல்லாயிருக்கே" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பூசைக்குக் கோவில் ஆபீசில் 100 ரூபாய் கொடுத்து எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று கணக்குப்பிள்ளை சொன்னார்.

கரைவீட்டுக்காரி (நவம்பர் 4)

போய்விட்டு வந்தோம்.

மாமி வரமாட்டேன் என்றுவிட்டார். நானும் கூப்பிடவில்லை. நாங்கள் செருப்புப் போடும்போது அடுக்களையிலிருந்து வந்து மகன் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்தார். உள்பக்கமெல்லாம் நன்றாகச் சுரண்டி வைத்திருந்தார். "அங்க கடக்காத்து அடிக்கும். இதுக்குள்ள வச்சுக் கொளுத்து" என்று அவனிடம்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. எப்போது சுரண்டினார் என்று தெரியவில்லை.

சிலுவையடியில் ஏற்கெனவே பதினொன்று எரிந்துகொண்டிருந்தன. மகன் எண்ணினான். பாதிப் பேர் ஒக்கிக்காரர்கள். எல்லாரும் தெரிந்த முகம். இத்தனை வருஷமாக இவர்கள் இங்கேதான் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். கேன் பிடித்து வந்த அந்தத் தம்பியும் நின்றான். அவன் ஏழு மெழுகுவர்த்தி கொண்டு வந்திருந்தான், போட்டில் திரும்பாத ஏழு பேருக்கும். ஒன்று அவருக்கு. ஒவ்வொரு வருஷமும் வைப்பானாம். மகன் அதன் பக்கத்தில் எங்கள் சிரட்டையை வைத்தான்.

ஃபாதர் பெயர்களை வாசித்தார். அவர் பெயர் வந்தபோது மகன் என் கையைப் பிடிக்கவில்லை, தம்பியின் கையைப் பிடித்தான். திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்த ரெண்டாம் நாள் ராத்திரியைப் பற்றி என்று நினைக்கிறேன். நான் முன்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டது ஒன்றுதான்: "காத்துல அணைஞ்சுதா?"

இல்லை என்றேன். மெழுகு உருகிச் சிரட்டையின் கண் வழியாக ஒழுகிவிட்டது, அதுதான். அடுத்த வருஷம் கண் இல்லாத பாதியாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன் என்றார்.